இது இருக்கட்டும்

லேப்டாப் மறுபடியும் 'டிங்' என்றது. சேதுராமன் கண்ணில் பட்ட ஒரு பட்டனை அழுத்தினார். திரை விழித்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது. அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு வீட்டு வைஃபையுடையது ஒன்றுதான். அதைப் போட்டுப் பார்த்தார், தப்பு என்றது. சத்தத்தைக் குறைக்க ஒரு பட்டன் இருக்கிறது, ஸ்ரீவித்யா ஒரு தடவை காட்டியும் கொடுத்தாள். அன்றைக்கு மண்டையை மண்டையை ஆட்டினாரே தவிர ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. பேசாமல் மூடிவிடலாம். மூடினால் அவள் பாதியில் வைத்திருக்கிற வேலை அழிந்துபோய்விட்டால் என்ன செய்வது? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வாழ்நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர், ஒரு கைப்பெட்டி அளவு சாமானை மூடப் பயந்துகொண்டு நின்றார்.

ஹாலில் மகள் ஸ்ரீவித்யா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். வயது நாற்பத்தொன்று. காலையில் அமிர்தம் காபி கொண்டுபோனபோது, மேஜைமேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். வேலை பார்த்தபடியே தூங்கிவிட்டாள் போல என்று டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள் தாய்க்காரி. காபி ஆறி ஆடை கட்டின பிறகுதான் விஷயம் தெரிந்தது. எதிர் ஃபிளாட் டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஹார்ட் என்றார். "வலிச்சே இருக்காதுங்க" என்றும் சொன்னார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று சேதுராமனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அம்மா மண்டபம் ரோட்டில் பஸ் போகிற சத்தம் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாமா, இங்க என்ன பண்றீங்க?" பிச்சமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அமிர்தத்தின் தம்பி. வையம்பட்டியிலிருந்து முதல் ஆளாக வந்து சேர்ந்தவர். வந்ததிலிருந்து பந்தல், வண்டி, பூ என்று எல்லாம் அவர் பொறுப்புதான். "கீழ அவன் வந்து நிக்கிறான்."

"யாரு?"

"யாரா? உங்க மாப்ள. ஸ்ரீதர். பைக்கெல்லாம் நிக்குற இடத்துல மாலையை வச்சுக்கிட்டு நிக்கிறான். மேல வரல. வரச் சொல்லுவோம்னு பாக்குறான் போல. அவனுக்கு யாரு சொன்னது?"

சேதுராமன் லேப்டாப்பைப் பார்த்தார். சொன்னது அவர்தான். டாக்டர் போனவுடன் ஃபோனை எடுத்து விரல் தன்னால் தேடிப் போன பெயர், 'மாப்பிள்ளை'. ஐந்து வருஷமாக ஒரு தடவைகூடப் பேசாத நம்பர் அது. அழிக்கவும் இல்லை. "வித்யா போயிட்டா" என்றார். அந்தப் பக்கம் ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. ஏன் சொன்னோம் என்று இப்போது யோசித்தாலும் அவருக்குப் பிடிபடவில்லை.

"கொள்ளி வைக்கிறது யாருன்னு கேட்டாங்க. நீங்கதான்னு சொல்லிட்டேன். இவன் இப்ப படியேறி வந்து நான்தான் புருஷன்னு நின்னான்னா, மாமா, நான் சும்மா இருக்க மாட்டேன் சொல்லிட்டேன்."

"விடு முத்து."

"விடுன்னா? வரட்டுங்கிறீங்களா, வேணாங்கிறீங்களா? ஏதாவது ஒண்ணு வாயத் தொறந்து சொல்லுங்க. நாலு மணிக்கு எடுக்கணும்."

அதுதான் அவருக்குத் தெரியவில்லை. மகளுக்கு என்ன பிடித்திருக்குமோ அதைச் செய்துவிட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. இனிமேல் அவளுக்கென்று செய்ய இருப்பது இது ஒன்றுதான். இதில் தப்பு பண்ணிவிடக் கூடாது.

கல்யாணமாகி பெங்களூரில் இருந்தவள், ஒருநாள் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். என்னம்மா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லப்பா, இங்கேருந்தே வேலை பாக்கலாம்னு" என்றாள். அடியா, குடியா, வேறொருத்தியா, ஒரு காரணமும் வெளியே வரவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் அவரே தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இந்த அறைக்குள் வந்து நின்றார். "திருவானைக்காவல்ல ஒரு வக்கீல் இருக்காரு, தெரிஞ்சவரு. முறைப்படி விவாகரத்து வாங்கி முடிச்சுக்கலாமா வித்யா?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கட்டும்பா" என்றாள்.

சரி என்று வெளியே வந்துவிட்டார். வந்து பேப்பரை விரித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. எது இருக்கட்டும் என்றாள்? கல்யாணமா, இல்லை இந்தப் பேச்சா? திரும்பப் போய்க் கேட்கத் தைரியமில்லை. அன்றைக்கு விட்டது விட்டதுதான்.

பிச்சமுத்து வெளியே போன கொஞ்ச நேரத்தில், மத்தியானத்துக்கு மேல், வித்யாவின் ஆபீஸிலிருந்து சபீனா வந்தாள். பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டி வந்திருந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து வித்யாவோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறவள்தான், அமிர்தத்தின் வத்தக்குழம்புக்கு அடிமை. பெட்டியருகே போய் நின்று, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சேதுராமனைத் தேடிக்கொண்டு அறைக்குள் வந்தாள். வந்தவுடன் லேப்டாப்பில் எதையோ தொட்டாள், சத்தம் நின்றது. அவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு.

"அங்கிள், கேக்கக் கூடாத நேரத்துல கேக்குறேன். திட்டாதீங்க."

"சொல்லும்மா."

"நாங்க ஒரு பழைய சாஃப்ட்வேரைப் புதுசு பண்ணிட்டிருக்கோம்ல, மருந்துக்கடைங்களுக்கு பில் போடுறது. இருபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதினது. எழுதினவங்க யாரும் இப்ப இல்ல. மொத்தமா இடிக்க முடியாது, கடை நடந்துக்கிட்டே இருக்கணும். அதனால கொஞ்சம் கொஞ்சமா பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கிறோம். நாங்க என்ன மாத்தினாலும் அக்காதான் படிச்சுப் பாப்பாங்க. அவங்க சரின்னாத்தான் உள்ள போகும்."

சேதுராமனுக்கு இது புதுச் செய்தி. மகள் டைப் அடிக்கிற வேலை பார்க்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். மோவாயில் கைவைத்து அவள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள், கை அசையாது. இந்தப் பெண் வேலை பார்க்கிறாளா, சும்மா உட்கார்ந்திருக்கிறாளா என்று அமிர்தத்திடம் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார். படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சபீனா தன் ஃபோனை நீட்டினாள். திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரிவரியாக இருந்தன. சில வரி சிவப்புப் பட்டையில், சில வரி பச்சைப் பட்டையில். "சிவப்பு நான் எடுத்துட்டது. பச்சை நான் சேத்தது. அந்தப் பழைய சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு பில்லுக்கு அப்புறமும் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கு அங்கிள். கொஞ்ச நேரம் சும்மா நிக்கும், அப்புறம்தான் அடுத்த பில் தொறக்கும். எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. வேஸ்ட்டுன்னு நான் எடுத்துட்டேன். அதுக்கு நேத்து சாயங்காலம் அக்கா இப்படி எழுதியிருக்காங்க."

பட்டைகளுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்துக்குள் வித்யாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். சேதுராமன் எழுத்துக் கூட்டிப் படித்தார். *இது இருக்கட்டும்.*

"இதுன்னா எது?" என்றார்.

"அதுதான் அங்கிள்! பழசு இருக்கட்டும், எடுக்காதேங்கிறாங்களா? இல்ல, நீ பண்ணினது இருக்கட்டும், பரவாயில்லங்கிறாங்களா? இல்ல, இப்போதைக்கு விடு, அப்புறம் பாப்போம்னா? சரின்னா ஒரு டிக் போடுவாங்க, தப்புன்னா இன்ட்டு போடுவாங்க. ரெண்டும் போடல. காலையில கேட்டுக்கலாம்னு படுத்துட்டேன். இன்னிக்கு சாயங்காலம் கடைங்களுக்குப் புதுசு போகுது. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. இது என்னன்னு என்னைக் கேக்குறாரு. இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியல. எது வேணா பண்ணிட்டுப் போயிடலாம், ஒண்ணும் குடி முழுகிடாது. ஆனா அக்கா கடைசியா எழுதினது எனக்குத்தான். அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஆயிடக் கூடாது அங்கிள். வீட்டுல அவங்க இருக்கட்டும்னு சொன்னா, அது வேணுமா வேணாமா? உங்களுக்குத்தானே தெரியும்."

உங்களுக்குத்தானே தெரியும். சேதுராமன் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு நிமிஷம் இரும்மா" என்று ஹாலுக்குப் போனார்.

அமிர்தம் பெட்டியின் தலைமாட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முட்டி சொடக்குப் போட்டது.

"அமிர்தம், நம்ம புள்ள இருக்கட்டும்னு சொன்னா என்ன அர்த்தம்?"

சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அமிர்தம் மட்டும் அது ஒழுங்கான கேள்வி என்பதுபோல் யோசித்தாள்.

"வேணாம்னுதான் அர்த்தம். இன்னொரு தோசை போடவான்னா இருக்கட்டும்மாம்பா. மீறி வச்சா கோவிச்சுக்குவா."

"அப்ப பால்கனில கிடக்குற ஒடஞ்ச சேரு? பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடறேன்னேன். இருக்கட்டும்பான்னா. அது வேணும்னுதானே?"

"அது வேணும்னு இல்ல. உங்ககூடப் பேசி ஜெயிக்க முடியாதுன்னு."

"நீ எல்லாத்துக்கும் என்னையே சொல்லு."

"நீங்கதான் கேட்டீங்க." அமிர்தம் கண்ணாடி வழியாக மகளின் காலைப் பார்த்தாள். குரல் திடீரென்று தழைந்தது. "மெட்டியக் கழட்டிடேன்டி, அவனே இல்லன்னு ஆயிடுச்சு, இது எதுக்குன்னு கேட்டேன். அதுக்கும் இருக்கட்டும்மான்னா. அது மட்டும் எனக்கு இன்னி வரைக்கும் புரியலங்க." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து தேங்கிக் கிடந்த அழுகை அது. பெண்கள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். சேதுராமன் எழுந்து, செருப்பு போட மறந்து, படியிறங்கிப் போனார்.

ஸ்ரீதர் பைக்குகளுக்கு நடுவே நின்றிருந்தான். ஆபீஸ் போகிற சட்டையோடு அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். காதோரம் நரைத்திருந்தது. பிளாஸ்டிக் கவரிலிருந்த மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தான், கீழே வைக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்த மாதிரி. மாமனாரைப் பார்த்ததும் கும்பிடப் பார்த்து, கை காலியில்லாமல் தடுமாறினான்.

"எப்ப வந்தீங்க மாப்ள?"

"கொஞ்ச நேரமாச்சு மாமா."

இரண்டு பேரும் ஒரு ஸ்கூட்டரின் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன நடந்தது உங்களுக்குள்ளே என்று கேட்டிருக்கலாம். ஐந்து வருஷமாகக் கேட்க நினைத்தது அதுதான். அவர் வாயில் வந்தது வேறு.

"மாப்ள, வித்யா உங்ககிட்ட இருக்கட்டும்னு சொன்னா, அதுக்கு என்னன்னு அர்த்தம் எடுத்துப்பீங்க?"

ஸ்ரீதர் நிமிர்ந்து பார்த்தான். அவன் அந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என்கிட்ட அப்படிச் சொன்னதே இல்லயே மாமா."

"சொன்னதே இல்லையா?"

"இல்ல. வேணும்னா வேணும்பா, வேணாம்னா வேணாம்பா. பட்டுன்னு சொல்லுவா. சில சமயம் அடிச்ச மாதிரி இருக்கும்." அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "போன வருஷம் நான் ஒரு தடவை கேட்டேன், திருச்சிக்கே வந்துரட்டுமான்னு. இப்ப வேணாம்னா."

"வேணாம்னுட்டாளா."

"இப்ப வேணாம்னா மாமா. *இப்ப*ன்னு சொன்னா. அதை வச்சுக்கிட்டுத்தான்..." அவன் நிறுத்திக்கொண்டான்.

அப்போதுதான் சேதுராமனுக்குப் புரிந்தது. மகள் தெளிவாகப் பேசத் தெரியாதவள் இல்லை. புருஷனிடம் தெளிவாகப் பேசியிருக்கிறாள். அப்பாவிடமும் அம்மாவிடமும்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மனசு நோகக் கூடாதென்றா, சொன்னாலும் இவர்களுக்குப் புரியாதென்றா? பாசமா, அலுப்பா? பெற்று வளர்த்த பெண்ணைப் பற்றி இவ்வளவுகூடத் தனக்குத் தெரியாதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மகள் மேல் கோபமாகவும் இருந்தது, பெட்டிக்குள் படுத்திருப்பவள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய.

"மேல வரலாமா மாமா?" என்றான் ஸ்ரீதர். "வேணாம்னா இப்படியே நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"இருங்க" என்றார் சேதுராமன். சொல்லிவிட்டுத் திரும்பிப் படியேறினார். முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோதுதான், தான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்று உறைத்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மகளைச் சொல்லிக் குற்றமில்லை.

சபீனா அறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "அவ அம்மாவுக்கும் தெரியல. எங்க ரெண்டு பேரையும் கேட்டா ரெண்டு விதமாச் சொல்லுவோம். உனக்கு உதவ முடியல."

அவள் ஏமாந்த மாதிரி தெரியவில்லை. ஃபோனை எடுத்து அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தாள். "அப்ப நான் எடுக்கல அங்கிள். சேந்த புதுசுல அக்கா எனக்குச் சொன்னது, எதுக்குன்னு தெரிஞ்சப்புறம் எடு, தெரியாம எடுக்காதன்னு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"எதுக்குன்னு கடைசி வரைக்கும் தெரியலன்னா?"

"அது பாட்டுக்கு இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லையே. கொஞ்சம் நின்னு போகும், அவ்வளவுதான்." அவள் விரலால் எதையோ அழுத்தினாள். சிவப்புப் பட்டை மறைந்தது. அக்கா நினைத்தது இதுதானா என்று அவளுக்கும் நிச்சயமில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சங்கு ஊதிவிட்டார்கள். பிச்சமுத்து அங்கும் இங்கும் ஓடினார். குளிப்பாட்டி, பிறந்த வீட்டுக் கோடி போர்த்தி, அமிர்தத்தைப் பிரித்து உட்காரவைத்து, ஒவ்வொன்றாக நடந்தது. நடப்பதெல்லாம் வேறு யார் வீட்டிலோ நடப்பதுபோல் சேதுராமன் சொன்ன இடத்தில் நின்றார், குனியச் சொன்னபோது குனிந்தார். லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது, படி வழியாகத்தான் இறக்க வேண்டும். முதல் மாடித் திருப்பம் குறுகல். பின்னால் பிடித்திருந்தவருக்குக் கை வழுக்கி, ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழேயிருந்து இரண்டு கை வந்து தாங்கின. ஸ்ரீதர். மாலை அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பிச்சமுத்து வாயைத் திறந்தார். அந்த இடத்தில் நிறுத்திச் சண்டை போட முடியாது, நிறுத்தினால் எல்லோரும் சேர்ந்து உருள வேண்டியதுதான். "பாத்து, பாத்து" என்று மட்டும் சொன்னார்.

வாசல் வரைக்கும் ஸ்ரீதர் பிடித்து வந்தான். வண்டிக்குள் ஏற்றியானதும் மாலையை அவள் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். அமிர்தம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அவனைப் பார்த்தாள். தெருக்காரர்கள் பைக்குகளைக் கிளப்பிக் கொள்ளிடக் கரைக்கு முன்னால் போக ஆரம்பித்தார்கள். அவனை யாரும் பின்னால் ஏற்றிக்கொள்ளவில்லை.

வண்டிக்குள் இரண்டு பக்கமும் நீள பெஞ்ச். ஒரு பக்கம் பிச்சமுத்துவும் இரண்டு சொந்தக்காரர்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் கதவோரம் சேதுராமன். அவர் மடியில் கொள்ளிச் சட்டி இருந்தது. வெளியே வெயிலில் ஸ்ரீதர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். தார் ரோடு கொதிக்கும். அவன் காலை மாற்றிக்கூட வைக்கவில்லை.

"மாமா, நேரமாச்சு" என்றார் பிச்சமுத்து.

டிரைவர் பின்பக்கம் வந்து கதவில் கை வைத்தான். "அவ்வளவுதானே சார்? சாத்திடலாமா?"

சேதுராமன் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் உள்பக்கம் மகளின் தலைமாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கதவோரம் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியானது. டிரைவர் அந்த இடத்தைப் பார்த்தான், ரோட்டில் நின்றவனைப் பார்த்தான். கதவிலிருந்து கையை எடுத்தான்.